எல் நிடோவிலிருந்து கொரோனுக்கு, காற்று விட்டபோது

காலை ஆறரை மணிக்கு முதுகுப்பைகளோடு எல் நிடோ கடற்கரையில் நிற்கிறோம். வானம் துடைத்துவிட்டது போல இருக்கிறது. விரிகுடாவில் அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. படகுகள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கின்றன, ஒன்றுகூடக் கிளம்பவில்லை. எங்கள் பயணத்தை ஏற்பாடு செய்த பெண் செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் நடந்து வந்து, இன்று இல்லை என்றார். கடலோரக் காவல்படை அனுமதி தரவில்லையாம். நாளைக்கு? அது நாளைக் காலையில்தான் தெரியும்.

என் கணவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "குளம் மாதிரி கிடக்கு. இதுல போக என்ன பயம்?" என்று என்னிடம் கேட்டார், நான்தான் கடலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பது போல.

அது பிப்ரவரி முதல் வாரம். பிலிப்பைன்ஸில் பலவான் தீவின் வடகோடியில் இருக்கிறது எல் நிடோ. அங்கிருந்து வடக்கே புசுவாங்கா தீவிலுள்ள கொரோன் ஊருக்கு, வழியில் தீவுகளில் தங்கித் தங்கி, நான்கு பகல் மூன்று இரவு படகில் போவது எங்கள் திட்டம். வேகப்படகில் ஏறினால் இதே தூரம் நாலைந்து மணி நேரம்தான். ஆனால் அதில் ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் தீவுகளைப் பார்க்க முடியும்.

கடல் குளம் மாதிரிக் கிடந்ததற்குக் காரணம் பிறகு புரிந்தது. எல் நிடோ பலவானின் மேற்குக் கரையில் இருக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்றை ஊருக்கு முதுகாக நிற்கும் மலை தடுத்துவிடுகிறது. மிச்சத்தை பக்கூயிட் விரிகுடாவில் நிற்கும் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் பார்த்துக்கொள்கின்றன. அந்த மறைப்பைத் தாண்டி வடக்கே போனால் லினபக்கான் நீரிணை. அங்கே காற்றுக்கும் படகுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. வானிலை நிலையமான பகாசா பலத்த காற்று எச்சரிக்கை விட்டால், சிறு படகுகளைக் காவல்படை நிறுத்திவிடும். கரையில் நின்று பார்த்து, அமைதியாகத்தானே இருக்கிறது என்று வாதாடுவதில் பொருளில்லை.

இந்தக் காற்றுக்கு அங்கே அமிஹான் என்று பெயர். நம் வாடைக்காற்றின் உறவுக்காரன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வீசும். மழை குறைந்த மாதங்கள் என்பதால் இதுதான் பலவானுக்குப் போகச் சிறந்த பருவம் என்று எங்கும் எழுதியிருக்கும். மழை இருக்காது என்பது சரி. காற்று இருக்காது என்று யாரும் எழுதவில்லை, நாமாக அப்படிப் படித்துக்கொள்கிறோம். கடல் அடங்கியிருப்பது மார்ச் பாதிக்கு மேல், ஏப்ரல், மே. ஜூனில் ஹபாகாட் என்னும் தென்மேற்குக் காற்று மழையோடு வந்துவிடும். அதற்குப் பிறகு புயல்கள் வேறு.

இரண்டு நாள் காத்திருந்தோம். கொரோனிலிருந்து எங்கள் விமானம் இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான். முன்யோசனை என்று சொல்லிப் பெருமைப்பட ஆசைதான், ஆனால் உண்மையில் அந்தத் தேதியில்தான் டிக்கெட் விலை குறைவு. எங்கள் படகில் வரவேண்டிய இன்னொரு ஜோடிக்கு, படகு கொரோனில் கரை சேரும் நாளுக்கு மறுநாள் காலையே விமானம். முதல் நாள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் தொலைபேசியோடு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அதே எச்சரிக்கையில் வேகப்படகும் நின்றுவிட்டது. கடைசியில் வேனில் ஐந்தாறு மணி நேரம் தெற்கே புவேர்ட்டோ பிரின்செசாவுக்குத் திரும்பி, அங்கிருந்து மணிலா வழியாகப் பறந்தார்கள். வழியெல்லாம் தீவுகளை மேலிருந்து பார்த்திருப்பார்கள், பாவம்.

ஆகவே படகு கரைசேரும் நாளுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது மூன்று நாளாவது விடுங்கள். இந்தியர்களுக்கு 2025 ஜூன் முதல் 14 நாள் விசா இல்லாமல் நுழைய அனுமதி இருக்கிறது. அந்தப் பதினான்கிற்குள்தான் இந்த உதிரி நாட்களும் அடங்க வேண்டும். எட்டு இடம் பார்க்கப் பட்டியல் போட்டிருந்தால் நான்கை அடித்துவிடுவது மேல்.

காத்திருந்த நாட்கள் வீணாகவும் இல்லை. வாடகை ஸ்கூட்டரில் வடக்கே நாக்பன் கடற்கரைக்குப் போனோம். ஊரின் பெயர்க்கதை தெரிந்துகொண்டோம். எல் நிடோ என்றால் ஸ்பானிய மொழியில் கூடு. இந்தப் பாறை இடுக்குகளில் ஒருவகை உழவாரக் குருவிகள் எச்சிலால் கூடு கட்டும், அது சீனச் சூப்புக்குப் பெரும் விலைக்குப் போகும். 1954ல்தான் பக்கூயிட் என்ற பழைய பெயரை மாற்றி இப்படி வைத்தார்களாம். பிறகு ஏடிஎம் தேடி அலைந்தோம். இருக்கும் சிலவற்றில் ஒன்றில் பணம் தீர்ந்திருந்தது, ஒன்று எங்கள் அட்டையை ஏற்கவில்லை. படகில் ஏறிவிட்டால் கொரோன் வரை பணம் எடுக்க வழியே இல்லை. பெசோவைப் பெரிய ஊரிலேயே எடுத்துக்கொண்டு, சிறு நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. தீவில் இளநீர் விற்கும் பாட்டியிடம் ஆயிரம் பெசோ நோட்டை நீட்ட முடியாது.

படகைத் தேர்ந்தெடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் போன அலுவலகத்தில் மிகக் குறைந்த விலை சொன்னார்கள். சுவரில் அழகான படகின் படம். அந்தப் படகைப் பார்க்கலாமா என்று கேட்டேன். இப்போது கடலில் இருக்கிறது என்றார்கள். ஊரில் ஒரு படகும் கடலுக்குப் போகாத நாள் அது! கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம். இரண்டாவது இடத்தில் தலைக்கு 16,000 பெசோ, சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து. கேட்டவுடன் கரைக்குக் கூட்டிப்போய்ப் படகைக் காட்டினார்கள். ஏறிப் பார்த்தோம். லைஃப் ஜாக்கெட்டுகள் ஆள் எண்ணிக்கைக்கு மேலேயே இருந்தன. நான் நாலைந்தை எடுத்துக் கொக்கி மாட்டிப் பார்த்தேன், இவர் தலையில் அடித்துக்கொண்டார். வயர்லெஸ் இருந்தது. எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்று கேட்டதற்கு உடனே எண்ணைச் சொன்னார்கள். காற்றால் பயணம் ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வரும் அல்லது அடுத்த படகில் இடம் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வரிக்காகவே இரண்டாயிரம் பெசோ கூடுதலாகக் கொடுக்கலாம். அந்த இரண்டு நாளும் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்தத் தாளால்தான்.

படகுக்குப் பெயர் பங்கா. ஒல்லியான மர உடல், இரண்டு பக்கமும் சிலந்திக் கால் போல விரிந்த சட்டங்கள், அவற்றின் முனையில் தண்ணீரைத் தொட்டபடி நீண்ட மூங்கில்கள். மூங்கிலுக்கு கத்திக் என்று பெயர். கட்டுமரம் என்ற நம் சொல் உலகமெல்லாம் போய் ஏதேதோ இரட்டை உடல் படகுகளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டதே, அந்த வகையில்கூட இது சேராது. கத்திக் இருப்பதால் படகு சாயாது. ஆனால் குதிக்கும். அதை மூன்றாம் நாள் காலை புறப்பட்டபோது தெரிந்துகொண்டோம்.

விரிகுடாவுக்குள் இருந்த அரை நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பெரிய காயல், ஹெலிகாப்டர் போலத் தெரியும் தீவு, சுமார் 25 கோடி ஆண்டு வயதான பாறைச் சுவர்கள். படங்களில் பார்த்தது போலத்தான் இருக்கிறது, படங்களில் இல்லாத கூட்டத்தோடு. காயலுக்குள் கயாக்கில் துடுப்புப் போட்டுப் போனோம். கணவன் மனைவி ஒரே கயாக்கில் உட்காருவது பற்றி என் ஆலோசனை: முன்னால் இருப்பவர் வேகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்ளட்டும், இருவரும் வாயைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நீரிணையில்தான் பாடம் ஆரம்பித்தது. மறைப்பு முடிந்த இடத்தில் கோடு போட்டது போல அலை மாறியது. படகின் மூக்கு நேராகக் காற்றைப் பார்த்தபடி ஏறி இறங்கியது. இவர் முதல் அரை மணி நேரம் தைரியமாகத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேச்சு நின்றது. அப்புறம் நிறம் மாறியது. மாத்திரை எங்கே என்றார். மாத்திரை என் பெரிய பையில், பெரிய பை படகின் அடித்தளத்தில், அடித்தளத்தின் மூடிமேல் அரிசி மூட்டையும் ஐஸ் பெட்டியும் பதினெட்டுப் பேரின் பைகளும்.

தப்பு என்னுடையதுதான். படகில் ஏறியதும் பெரிய பைகளை உள்ளே இறக்கிவிடுவார்கள், மாலை வரை கைக்கு வராது. மாத்திரை, மாற்று உடை ஒன்று, துண்டு, பணம், கடவுச்சீட்டு, பவர் பேங்க் எல்லாம் நீர் புகாத சிறு பையில் மடியிலேயே இருக்க வேண்டும். உள்ளே போகும் பைக்குள்ளும் துணிகளைக் குப்பைப் பைகளில் கட்டிப் போடுங்கள். எங்கள் பையின் அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு நனைந்திருந்தது.

கிடைத்திருந்தாலும் அப்போது மாத்திரை வேலை செய்திருக்காது. புறப்படுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் போட்டிருக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். உள்காது, உடம்பு ஆடுகிறது என்கிறது. கண், தொலைபேசித் திரை அசையவில்லையே என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு அவதிப்படுகிறது. கப்பலோட்டி இவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் நடுப்பகுதியில், டீசல் புகை வராத பக்கமாக உட்கார வைத்தார். தூரத்தில் தெரிந்த ஒரு தீவைக் காட்டி, அதையே பார் என்றார். படகின் நடுவில்தான் ஆட்டம் குறைவு. அரை மணி நேரத்தில் இவருக்கு நிறம் திரும்பியது. "குளம் மாதிரி இருக்குல்ல?" என்று நான் கேட்கவில்லை. கேட்க நினைத்தேன் என்பது உண்மை.

லினபக்கான் தீவுகளுக்கு நடுவில் நுழைந்ததும் மறுபடி அமைதி. படகு நின்ற இடத்தில் எட்டிப் பார்த்தால் படகின் நிழல் அடிமணலில் தெரிந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அந்தக் கரையில் மூங்கில் குடிசைகள், கொசுவலை, மெல்லிய மெத்தை. மின்சாரம் ஜெனரேட்டரில் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர். கழிவறையில் வாளியும் தாபோ என்னும் குவளையும். கூட வந்த வெள்ளைக்காரர்கள் அதைக் கையில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சொந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது. பெண்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தீவுகளில் குப்பை அள்ள யாரும் வருவதில்லை. பயன்படுத்திய நாப்கின்களைக் கட்டி கொரோன் வரை எடுத்துப்போக மூடும் பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வயதில் மூத்த ஆணை குயா என்றும் பெண்ணை ஆத்தே என்றும் கூப்பிடுகிறார்கள், அண்ணா அக்கா என்பது போல. எங்கள் படகின் சமையல்காரப் பெண்ணை முதல்முறை "ஆத்தே" என்று கூப்பிட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் பாட்டி பாம்பைப் பார்த்தால் போடும் சத்தம் அது. நான் சைவம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மகிழ்ச்சியோடு தலையாட்டினார். முதல் மதியம் கீரைப் பொரியலில் ஒரு கவிச்சி. விசாரித்தால் பத்திஸ், அதாவது மீன் சாறு. இரவு கத்தரிக்காய்க் கூட்டில் பகோங், அதாவது இறால் விழுது. அவர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது உப்பு மாதிரி. அங்கே "சைவம்" என்று சொன்னால் போதாது. இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், பத்திஸ் வேண்டாம், பகோங் வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்த அம்மா எனக்கென்று தனியாகத் தேங்காய்ப் பாலில் பூசணியும் காராமணியும் சமைத்தார். கங்கோங் என்று ஒரு கீரை, நம் வள்ளைக்கீரைதான், பூண்டு போட்டு வதக்கினார். மற்றவர்கள் தங்கள் மீனை விட்டுவிட்டு என் தட்டை எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாக்கெட் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோயிருந்தேன். இரண்டாம் நாளே பொதுச்சொத்தாகிவிட்டது.

அன்று மாலை சூரியன் இறங்கும் நேரத்தில் ஈர மணலில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கான தண்டனை மறுநாள் வந்தது. நிக்நிக் என்று ஒரு மணல் ஈ. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடிக்கும்போது வலிக்காது. அடுத்த நாள் காலில் இருந்து இடுப்பு வரை சிவப்புப் புள்ளிகள், எண்ண ஆரம்பித்து அறுபதில் விட்டுவிட்டேன். கொசுக்கடி போல ஒரு மணி நேரத்தில் போகாது, பத்து நாள் அரிக்கும். ஆத்தே என் காலைப் பார்த்து, முதலிலேயே தேங்காய் எண்ணெய் தடவியிருக்க வேண்டும் என்றார். எண்ணெய்ப் படலத்தில் அந்தப் பொடி ஈ ஒட்டிக்கொள்ளும், கடிக்க முடியாது என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. அடுத்த இரவிலிருந்து தினமும் தடவினேன், புதுக் கடி குறைந்தது. மணலில் நேராகப் படுக்காமல் பாயோ நாற்காலியோ போட்டுக்கொள்ளுங்கள், அதிகாலையும் அந்தியும்தான் மோசம். செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரையும் ஒரு களிம்பும் மடிப்பையில் இருக்கட்டும். சொறிந்து புண்ணாக்கிவிட்டால் அது வேறு கதை.

அந்த வேறு கதை இவருக்கு வந்தது, வேறு வழியில். ஸ்நார்கல் போட்டுப் பவளப் பாறைமேல் மிதந்துகொண்டிருந்தவர், முகமூடியில் தண்ணீர் புகுந்ததும் பதறிக் காலை ஊன்றிவிட்டார். கணுக்காலில் ஓர் அங்குலக் கீறல். ரத்தம்கூட அதிகமில்லை. "உப்புத் தண்ணி மருந்து மாதிரி" என்றார். அது மருந்து இல்லை. பவளக் கீறலில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உள்ளே தங்கிவிடும், வெப்ப மண்டலக் கடலில் கிருமிக்கும் குறைவில்லை. குடிக்கும் தண்ணீரையே ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, அன்றைக்கு நீரில் இறங்காமல் இருந்திருக்க வேண்டும். இவர் அன்று மாலையே மறுபடி இறங்கினார். நான்காம் நாள் கணுக்கால் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. கொரோனில் மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்து ஐந்து நாள் கடலைத் தொடக்கூடாது என்றார். ரப்பர் அடிப்பாகம் உள்ள தண்ணீர்க் காலணி ஒன்று இருந்திருந்தால் எல்லாம் மிச்சம். நீச்சல் சுமாராகத் தெரிந்தவர்கள் ஸ்நார்கலின்போதும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. மிதந்துகொண்டிருப்பவர் பதறினாலும் காலை ஊன்ற மாட்டார், நாம் மிதிக்காத பவளம் பிழைக்கும்.

படகுப் பயணத்தின் மூன்றாம் நாள் காலையில் கப்பலோட்டி எங்களைக் கூப்பிட்டு, காற்று மறுபடி ஏறுகிறது, மல்காப்புயா கடற்கரைக்குப் போக முடியாது என்றார். எங்கள் பயணத் தாளில் கொட்டை எழுத்தில் இருந்த கடற்கரை அது. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். படகைக் குலியோன் துறைமுகத்துக்குள் ஒதுக்கினார். மதியம் வரை இங்கேதான், ஊரைப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார்.

குலியோனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. மேட்டில் சிவப்பு நிறத் தேவாலயம், பின்னால் மலைச்சரிவில் கற்களால் வரைந்த பெரிய கழுகு. ஏறிப் போனால் ஓர் அருங்காட்சியகம். அதற்குள் போய் வெளியே வந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

1906 மே 27 அன்று 370 தொழுநோயாளிகளைச் சிபுவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். அமெரிக்கர்கள் ஆண்ட காலம். நோய்க்கு மருந்து இல்லை, ஆகவே நோயாளிகளைத் தீவில் ஒதுக்குவதே வழி என்று முடிவெடுத்தார்கள். நாடு முழுவதும் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய தொழுநோயாளர் குடியிருப்பு இதுதான். வெளியே செல்லாத தனி நாணயம் 1913 முதல் அடித்தார்கள், நோயாளி தொட்ட காசு வெளியே வந்துவிடக் கூடாதாம். அந்த நாணயங்கள் கண்ணாடிக்குள் இருக்கின்றன, நம் பழைய காசுகளைப் போலவே தேய்ந்து.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விடுதிகள். திருமணத்துக்குத் தடை போட்டார்கள். 1932ல் அதை எதிர்த்து ஆண்கள் கலகமே செய்திருக்கிறார்கள். தடையை மீறியும் பிறகு தளர்ந்தபோதும் குழந்தைகள் பிறந்தன, அவற்றைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிக் காப்பகத்தில் வளர்த்தார்கள். பெற்றவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். ஒரு பழைய புகைப்படத்தின் முன்னால் இவர் வெகுநேரம் நின்றார். கால் வலிக்கவில்லையா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

1980களில் கூட்டு மருந்து வந்த பிறகு நோய் அடங்கியது. நூறாவது ஆண்டான 2006ல் தொழுநோய் ஒழிந்த இடம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று அங்கே இருப்பவர்களில் நிறையப் பேர் அந்த நோயாளிகளுக்கும் பணியாளர்களுக்கும் பேரப் பிள்ளைகள். இறங்கி வரும்போது பள்ளி விட்டிருந்தது. பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு எந்த ஊர் என்று கேட்டார்கள். மல்காப்புயாவுக்காக முணுமுணுத்த இருவரும் படகுக்குத் திரும்பி வந்து, அந்தக் கடற்கரையைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. கொரோனிலிருந்து தனியாகப் படகு பிடித்தும் குலியோனுக்கு வரலாம். உதிரி நாள் ஒன்று கையில் இருந்தால் அதை இங்கே செலவழியுங்கள்.

அங்கிருந்து லுசோங் தீவருகே ஒரு சிறு போர்ப்படகின் சிதைவு. 1944 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானங்கள் கொரோன் கடலில் ஜப்பானியக் கப்பல்களைக் குண்டு வீசி மூழ்கடித்தன. பெரும்பாலானவை ஆழத்தில் கிடக்கின்றன, முக்குளிப்பவர்களுக்கு மட்டும். இது ஆழமில்லாத இடத்தில் இருப்பதால் ஸ்நார்கலோடு மேலே மிதந்தபடியே பார்க்க முடிந்தது. இரும்பு முழுக்கப் பவளம் ஏறியிருந்தது.

கடைசி நாள் கொரோன் தீவு. கொரோன் ஊர் வேறு, கொரோன் தீவு வேறு. ஊர் புசுவாங்காவில், தீவு எதிரே. தீவு தக்பன்வா பழங்குடிகளுடையது. 1998ல் நிலத்தோடு சுற்றியுள்ள கடலுக்கும் சேர்த்து அவர்கள் மூதாதையர் உரிமைச் சான்று வாங்கினார்கள். உள்ளே எத்தனையோ ஏரிகள் இருந்தும் காயாங்கன், பாரகுடா போன்ற ஒருசிலதான் வெளியாருக்குத் திறந்திருக்கின்றன. மற்றவை அவர்களுக்குப் புனிதமானவை. ஒவ்வோர் இடத்துக்கும் நுழைவுக் கட்டணம் தனி, படகுக்காரர் அதை முன்கூட்டியே சேர்த்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டைக் காயலில் பாறை இடுக்கு வழியாக உள்ளே நீந்தினேன். மேலே நல்ல நீர், கீழே உப்பு நீர், இரண்டும் கலக்கும் இடத்தில் கண்ணுக்கு முன்னால் எண்ணெய் ஓடுவது போல மங்கலாகிறது. கைக்கு ஒரு சூடு, காலுக்கு ஒரு சூடு. இவர் வீங்கிய காலைச் சட்டத்தின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, படகிலிருந்தே எனக்குப் படம் எடுத்தார். எல்லாப் படத்திலும் என் தலை ஒரு புள்ளி.

விமானத்துக்கு முந்தின நாள் மாலை கொரோன் படகுத்துறைக்கு நடந்து போனோம். இவர் நொண்டி நொண்டி, நான் சொறிந்து சொறிந்து. எங்கள் பங்கா அங்கே நின்றது, அரிசி மூட்டையும் ஐஸ் பெட்டியும் ஏறிக்கொண்டிருந்தன. மறுநாள் எல் நிடோவுக்குத் திரும்புகிறதாம், புது ஆட்களோடு. ஆத்தே எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காற்று இன்னும் இருக்கிறதே, நீரிணையில் மறுபடி கஷ்டமா?" என்று கப்பலோட்டியிடம் இவர் கேட்டார்.

அவர் சிரித்தார். தெற்கே போகும்போது காற்று முதுகில் வரும், படகு வழுக்கிக்கொண்டு போகும், ஒருவரும் வாந்தி எடுக்க மாட்டார்கள் என்றார். அமிஹான் மாதங்களில் விவரம் தெரிந்தவர்கள் கொரோனில் ஏறி எல் நிடோவில்தான் இறங்குவார்களாம்.

எல் நிடோவில் படகின் கொக்கியிலிருந்து கழிவறை வரை அத்தனையும் விசாரித்தேன். எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது நல்லது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.